சொல் கிடைத்துவிட்டது, வாக்கியம் எங்கே? பழைய மொழியின் தொடரமைப்பை மீட்டெடுக்க ஒரு வழிகாட்டி

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து அங்கே ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. நாலு சொல்லை அருகருகே வைத்தாலே, சொல்லின் முதலில் இருந்த பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டது என்று புரிந்துவிடும். உறவுமொழிகளுக்கெல்லாம் தாயாக இருந்து, எழுத்தில் பதியாமல் போன மூலமொழியின் சொற்களை மீட்டெடுப்பது இந்த ஒழுங்கை நம்பித்தான்.

வாக்கியத்துக்கு வரும்போது இதே வழி தடுமாறுகிறது. 'பால்' என்ற சொல்லைப் பிள்ளை அம்மாவிடம் கேட்டு அப்படியே வாங்கிக்கொள்கிறது. 'நேற்று பால் பொங்கி வழிந்துவிட்டது' என்ற வாக்கியத்தை யாரும் யாரிடமிருந்தும் வாங்குவதில்லை. தேவைப்படும்போது புதிதாகச் செய்துகொள்கிறோம். தலைமுறை தாண்டி வருவது வாக்கியத்தை வார்க்கும் அச்சுதான். இரண்டு மொழிகளின் அச்சுகள் 'ஒன்றே' என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்வியை முன்வைத்து, ஒலிகளை மீட்பதுபோலத் தொடரமைப்பை மீட்க முடியாது என்று மொழியியலாளர் டேவிட் லைட்ஃபுட் 1979-இல் வாதிட்டார். முடியும் என்று ஆலிஸ் ஹாரிஸும் லைல் கேம்பலும் 1995-இல் விரிவாகப் பதில் சொன்னார்கள். நான் இரண்டாவது கட்சி, ஆனால் முதல் கட்சியின் சந்தேகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

1. கேள்வியைச் சிறிதாக்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 'மூலமொழியில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எந்த வரிசையில் வந்தன?' என்றுதான் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்காதீர்கள். சொல்வரிசை எளிதில் மாறும், எளிதில் கடன் வாங்கப்படும், மாறியதற்குத் தடயமும் விடாது. மோசமான சாட்சி அது.

மாறாக, கையில் பிடிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். வினையை எப்படி மறுத்தார்கள்? அடுத்தவர் சொன்னதை எப்படி எடுத்துச் சொன்னார்கள்? பெயருக்கு முன் ஒரு செயலை அடைமொழியாக எப்படி வைத்தார்கள்? இவற்றிலெல்லாம் உருபோ விகுதியோ துணைவினையோ ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒலி உண்டு. ஒலி இருந்தால் ஒலிவிதிகளைக் கொண்டு சோதிக்கலாம்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் இரண்டு சொற்களை வைத்துக்கொள்வோம். வாக்கியத்தின் அமைப்பு 'அச்சு'. அந்த அச்சில் நிற்கும் உருபுகளும் துணைவினைகளும் 'சரக்கு'.

2. சாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்

தமிழையும் மலையாளத்தையும் மட்டும் ஒப்பிட்டால் அந்த இரண்டின் தாய்தான் கிடைக்கும், திராவிட மூலமொழி கிடைக்காது. வெவ்வேறு கிளைகளிலிருந்து எடுக்க வேண்டும்: தெற்கிலிருந்து தமிழ், கன்னடம், தென்மையக் கிளையிலிருந்து தெலுங்கு, கோண்டி, குயி, மையக் கிளையிலிருந்து கோலாமி, பர்ஜி, வடக்கிலிருந்து குருக், மால்தோ, பிராகுயி. எல்லாவற்றையும் முதல் நாளே கட்டி இழுக்க வேண்டாம். இரண்டு கிளையில் தொடங்கி, கிடைத்த முடிவை மூன்றாவது கிளையில் சோதித்தால் போதும்.

எந்த மொழி என்பதைப் போலவே எந்த மாதிரி எழுத்து என்பதும் முக்கியம். செய்யுளில் யாப்புக்காகச் சொல் இடம் மாறும். சங்கப் பாடலில் வினை முன்னே வந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து அக்காலப் பேச்சைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சிறு கல்வெட்டு சில சமயம் பெரிய காப்பியத்தைவிட நல்ல சாட்சி. ஜம்பைத் தமிழ்-பிராமிக் கல்வெட்டில் 'அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பள்ளி' என்று வருகிறது (எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேறு). 'ஈத்த' என்ற பெயரெச்சம், அதற்கு முன் அதன் எழுவாய், பின்னால் அது தழுவும் பெயர். யாப்பின் நெருக்கடி இல்லாத ஒரு வரி, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அச்சை முழுசாகக் காட்டிவிடுகிறது.

மொழிபெயர்ப்பு நூல்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த பைபிள் மொழிபெயர்ப்பு. அதன் சொல்வரிசை பெரும்பாலும் கிரேக்க மூலத்தைப் பின்தொடர்கிறது. சரி, தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. கிரேக்கத்தில் ஒரே சொல்லாக இருப்பதைக் கோதிக்கில் இரண்டு சொல்லாகச் சொல்ல வேண்டிவரும் இடங்கள் உண்டு. அங்கே பின்பற்ற மூலத்தில் வரிசையே கிடையாது. அந்த இரண்டில் எதை முன்னே வைப்பது என்பது மொழிபெயர்ப்பாளரின் சொந்தப் பேச்சிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூலத்திலிருந்து விலகும் இடங்களைத்தான் சல்லடை போட்டுத் தேட வேண்டும்.

3. அட்டவணை போடுங்கள்

எடுத்த ஒவ்வொரு வாக்கியத்தையும் உருபு உருபாகப் பிரித்து, கீழே ஒவ்வொன்றின் பொருளையும் எழுதுங்கள். சலிப்பான வேலை, குறுக்குவழி இல்லை. பிறகு மூன்று கட்டம்: அச்சு என்ன, அது என்ன வேலை செய்கிறது, சரக்கு என்ன. நடுக்கட்டத்தை விட்டுவிடுபவர்கள் அதிகம். அச்சு ஒன்றாக இருந்து வேலை வேறானால் கதையே வேறு.

4. மூலையில் கிடப்பதைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் உயிர் இருக்கிறது. பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது: பழைய நிலையைக் காட்டுவது விதிகளைவிட விதிவிலக்குகளே. விதியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக உருவாக்கிக்கொள்ள முடியும். விதிவிலக்கை யாரும் மெனக்கெட்டு உருவாக்க மாட்டார்கள்; அது எங்கிருந்தோ மிஞ்சி வந்ததாகத்தான் இருக்கும்.

திராவிட எதிர்மறையையே எடுத்துக்கொள்வோம். இன்றைய தமிழில் வினையை மறுக்கப் பொதுவான வழி 'செய்யவில்லை', 'செய்யமாட்டேன்'. இரண்டும் கூட்டுக்கட்டு. ஆனால் நம் வாயில் வேறு மாதிரியும் சில இருக்கின்றன: கூடாது, வராது, ஆகாது, முடியாது. இவற்றில் 'இல்லை'யும் கிடையாது, கால இடைநிலையும் கிடையாது. பழந்தமிழில் இந்த வாய்பாடு எல்லா இடத்துக்கும் ஓடியது: செய்யேன், செய்யாய், செய்யான், செய்யாது. இன்றைய பேச்சில் அஃறிணை ஒருமை வடிவம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று கண்ணுக்கு முன்னாலேயே ஒளிந்திருக்கிறது. 'மாட்டேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். மாட்டு என்றால் இயலுதல். அதோடு நேராக -ஏன். காலம் காட்டும் உறுப்பு நடுவில் இல்லை. செய்யேன் எப்படியோ அப்படியே மாட்டேன். புதிய கட்டுக்குள் பழைய செங்கல்!

இப்போது பக்கத்து மொழிகளைக் கூப்பிடுவோம். தமிழ் கூடாது, தெலுங்கு கூடது, கன்னடம் கூடது. தமிழ் வாராது, தெலுங்கு ராது, கன்னடம் பாரது. தமிழ் ஆகாது, தெலுங்கு காது, கன்னடம் ஆகது. கன்னடத்தில் வகரம் பகரமாவது ஒலிவிதிப்படி சரி (கன்னட பகரத்தை அழுத்தி, அதிர்வோடு படியுங்கள்). தெலுங்கில் முதல் உயிர் இடம்பெயர்ந்து மெய் முன்னே வருவதும் தெரிந்த மாற்றமே. ஆக அச்சும் பொருந்துகிறது, சரக்கும் பொருந்துகிறது. தெலுங்கில் இந்த வாய்பாடு இன்னும் எல்லா இடத்துக்கும் ஓடுகிறது: செய்யனு என்றால் 'செய்யமாட்டேன்', ராடு என்றால் 'வரமாட்டான்'. தமிழில் மூலையில் கிடப்பது தெலுங்கில் நடுவீட்டில் இருக்கிறது. ஒரு மொழியின் விதிவிலக்கு இன்னொன்றின் விதியாக இருந்தால், அதை மூலமொழிக்கு ஏற்றிச் சொல்லத் துணியலாம்.

முடிவை இப்படி எழுதுவோம்: வினையடி, அதன்பின் எதிர்மறை உயிர், அதன்பின் திணை-பால்-இட விகுதி, கால இடைநிலை இல்லை. கூடாது, கூடது என்பவற்றைப் பாருங்கள்: எதிர்மறை உயிர் தமிழில் நெடில், மற்ற இரண்டிலும் குறில். அதனால் அந்த ஒரு கட்டத்தில் 'அ அல்லது ஆ' என்று திறந்தே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டிவிட வேண்டியதில்லை.

அடுத்து ஒரு பொறி. புதிய எதிர்மறைகளையும் பாருங்கள்: தமிழ் செய்யவில்லை, கன்னடம் மாடலில்ல, தெலுங்கு சேயலேது. மூன்றிலும் 'செய்ய' என்பது போன்ற எச்சம், அதன்பின் 'இல்' என்ற அடியிலிருந்து வந்த சொல். தெலுங்கு லேது-வும் அந்த அடியின் பிள்ளைதான். அச்சும் ஒன்று, சரக்கும் ஒன்று! அப்படியானால் இதுவும் மூலமொழியில் இருந்ததா? அவசரப்படாதீர்கள். பழைய நூல்களைப் புரட்டினால் செய்யேன், செய்யான் வகைதான் நிறைந்திருக்கிறது. தமிழிலேயே 'வந்திலன்' என்று இன்னொரு சோதனை நடந்து, பின்னர் வழக்கொழிந்திருக்கிறது. ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதிரிச் செங்கல்லை எடுத்துப்போன பிள்ளைகள், தனித்தனியாகவோ ஒருவரைப் பார்த்து ஒருவரோ ஒரே மாதிரிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். எழுத்துச் சான்று கையில் இருக்கும்போது ஒப்பீட்டை மட்டும் நம்பக் கூடாது.

5. திசையைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு மொழிகளில் இரண்டு அமைப்பு இருந்தால் எது பழையது? இங்கே உதவுவது, சில மாற்றங்கள் பெரும்பாலும் ஒருவழிப்பாதை என்பது. முழுச்சொல் தேய்ந்து துணைவினையாகும், துணைவினை விகுதியாகும். திரும்பி வருவது அபூர்வம். இதற்கு 'இலக்கணமாதல்' என்ற பொருளில் 1912-இல் பெயர் வைத்தவரும் மெய்யேதான். இன்றைய விகுதிக்குள் நேற்றைய வாக்கியம் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்துத் தேடுங்கள்.

'தருவேன்' என்பதற்கு ஸ்பானியம் தரே, இத்தாலியம் தரோ, போர்த்துகீசியம் தரெய். (நம் 'தரு' போலவே ஒலிப்பது வெறும் தற்செயல். இப்படிப்பட்ட தற்செயலில் மயங்கியவர்கள் எழுதிய பக்கங்கள் ஏராளம்.) இந்த விகுதி எங்கிருந்து வந்தது? போர்த்துகீசியத்தின் உயர்ந்த நடையில் 'உனக்குத் தருவேன்' என்பது தர்-தெ-எய். 'உனக்கு' என்ற சொல் வினைக்கும் விகுதிக்கும் நடுவில் நுழைகிறது. உண்மையான விகுதிக்கு முன்னால் யாரும் இப்படிப் புகுந்து உட்கார முடியாது. ஆகவே அந்த 'எய்' ஒருகாலத்தில் தனிச்சொல். லத்தீனில் 'தரே ஹபெயோ', அதாவது 'கொடுக்க வைத்திருக்கிறேன்' என்பது போன்ற தொடர்தான் தேய்ந்து ஒற்றைச் சொல்லாகியிருக்கிறது.

6. கடனா, சொத்தா?

பக்கத்து வீட்டுக்காரரின் அச்சு நம் வீட்டுக்கு வருவது சாதாரணம். 'என்று' ஒரு நல்ல பாடம். தமிழ் என்று, மலையாளம் என்னு, கன்னடம் எந்து, தெலுங்கு அனி. எல்லாமே 'சொல்லுதல்' என்னும் பொருளுள்ள என்/அன் அடியின் வினையெச்சங்கள். இப்போது வெளியே பார்த்தால் மராத்தியில் ம்ஹணூன், வங்காளத்தில் போலே. அவையும் 'சொல்லி' என்பதன் வடிவங்களே, அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் அடிச்சொற்கள் வேறு. திராவிடத்துக்குள் அச்சோடு சரக்கும் பொருந்துவதால் அது குடும்பச் சொத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெளியே அச்சு மட்டும் பொருந்துகிறது, சரக்கு அவரவருடையது. அங்கே நகலெடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். முழுமையான விதி இல்லைதான், ஆனாலும் என் அனுபவத்தில் பாதி குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தெளிந்துவிடும்.

பாகிஸ்தானின் பலூசிஸ்தான் பகுதியில் பேசப்படும் பிராகுயி இன்னொரு எச்சரிக்கை. பிற திராவிட மொழிகள் 'வந்த பையன்' என்று பெயரெச்சம் போடும் இடத்தில், அது 'கி' என்ற இணைப்புச்சொல்லைக் கொண்டு பின்னால் ஒரு வாக்கியத்தைத் தொங்கவிடும். அந்த 'கி' பலூச்சி, பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த சரக்கு. தொலைவில் தனித்து வாழும் மொழி என்பதால் அது பழமையைக் காத்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தொலைவில் இருப்பவருக்கும் அண்டை வீட்டார் உண்டே.

எழுத்தில் மூத்தது என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். செமித்திய மொழிகளில் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள், பண்டைய மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) வழங்கிய அக்காதியத்துக்கு உண்டு. அதன் உரைநடையில் வினை கடைசியில் வருகிறது. ஆனால் செவ்வியல் அரபு, பைபிள் எபிரேயம் போன்ற உறவுமொழிகளில் வினை முன்னே வருகிறது. அக்காதியர்கள் நெடுங்காலம் சுமேரியரோடு கலந்து வாழ்ந்தவர்கள், சுமேரியத்தில் வினை கடைசியில் வரும். அந்தத் தாக்கம்தான் என்பது பெரும்பான்மைக் கருத்து. எனக்கு மிகவும் பிடித்த சான்று ஆட்பெயர்கள். ஈசின் நகரத்து அரசர்கள் இத்தின்-தகான், இஷ்மே-தகான்: 'கொடுத்தான் தகான்', 'கேட்டான் தகான்' (தகான் ஒரு தெய்வம்). வினை முன்னால்! எல்லாப் பெயரும் இப்படி இல்லை, ஆனாலும் பேச்சு மாறிய பிறகும் பெயர் பழைய வரிசையைச் சுமந்து நிற்கும். பெயர், பழமொழி, சத்தியப்பிரமாணம், மந்திரம் போன்றவற்றைத் தனிப்பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7. இனி சொல்வரிசை

தவிர்க்க முடியாது என்றால் கடைசியில் வாருங்கள். ஜோசப் கிரீன்பெர்க் 1963-இல் 30 மொழிகளை வைத்து, வினை முன்னே வரும் மொழியில் முன்னிடைச்சொல் (ஆங்கில in, on போலப் பெயருக்கு முன் வருவது) இருக்கும் என்பது போன்ற சேர்க்கைகளைக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, வின்ஃபிரெட் லேமன் 1974-இல், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றின் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழி செயப்படுபொருளை வினைக்கு முன் வைக்கும் வகை என்று கொண்டு, மற்ற அமைப்புகளையும் அந்த வகையோடு பொருத்தி விளக்கினார். கால்வர்ட் வாட்கின்ஸ் 1976-இல் இதைக் கடுமையாக மறுத்தார். பல மொழிகளில் காணப்படும் போக்கு ஒரு குறிப்பிட்ட மொழியின் வரலாற்றுக்குச் சாட்சி ஆகாது என்பதே மறுப்பின் சாரம். நான் வாட்கின்ஸ் பக்கம். உலகப் போக்கு உங்கள் முடிவை நிறுத்துப் பார்க்கும் தராசு மட்டுமே, சான்று இல்லை.

வரிசையிலும் உறுதியாக மீட்கக்கூடியது ஒன்று உண்டு என்று காட்டியவர் யாக்கோப் வாக்கர்நாகெல். அழுத்தமில்லாத சின்னஞ்சிறு சொற்கள் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன என்று கிரேக்கம், சமஸ்கிருதம், லத்தீன் போன்றவற்றை வைத்து 1892-இல் எழுதினார். அப்போது, அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய பழைய ஹிட்டைட் மொழியை யாராலும் படிக்க முடியவில்லை. 1915-இல் பெட்ரிஹ் ஹ்ரோஸ்னி அதைப் படித்துக் காட்டிய பிறகு பார்த்தால், அந்த மொழியில் வாக்கியத்தின் முதல் சொல்லுக்குப் பின்னால் இத்தகைய துணுக்குகள் சங்கிலிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்தே இராத சாட்சி வந்து ஆமாம் என்றது. தொடரமைப்பை மீட்க முடியாது என்பவர்களிடம் நான் முதலில் எடுத்துப் போடுவது இதைத்தான்.

8. விடை தெரிந்த கணக்கில் பழகுங்கள்

உங்கள் முறையைச் சோதிக்க லத்தீன் வசதியானது. தாய்மொழியே எழுத்தில் இருக்கிறது. அதை மூடி வைத்துவிட்டு ஸ்பானியம், இத்தாலியம், ருமேனியம், சார்தீனியம் ஆகியவற்றிலிருந்து மீட்டுப் பாருங்கள். எதிர்காலத்தை எடுத்துக்கொண்டால் ஸ்பானியத்தில் விகுதி. சார்தீனியத்தில் 'வைத்திரு' என்ற வினை தனியே முன்னால் நிற்கிறது. ருமேனியத்தில் 'விரும்பு' என்ற வினையிலிருந்து வந்த துணைவினை. இவ்வளவு வேறுபாடு இருந்தால், மூலமொழியில் இவற்றில் எதுவும் உறுதியாக வேரூன்றியிருக்கவில்லை என்று முடிவு செய்வீர்கள். அது சரியான முடிவு. ஆனால் மூடியைத் திறந்தால் செவ்வியல் லத்தீனில் 'தபோ' ('தருவேன்') என்று ஒற்றைச் சொல்லில் எதிர்காலம் இருந்தது தெரியவரும். அது எந்தப் பிள்ளையிடமும் மிஞ்சவில்லை. எல்லாரும் தொலைத்ததை எந்த முறையாலும் மீட்க முடியாது. திராவிட மூலமொழியிலும் அப்படி எத்தனையோ போயிருக்கும்.

9. எழுதி வைக்கும்போது

மீட்ட வடிவத்துக்கு முன் உடுக்குறி (*) போடுவது மரபு. கவனம்: தொடரியல் புத்தகங்களில் அதே உடுக்குறிக்கு 'இப்படிச் சொன்னால் பிழை' என்று பொருள். இரண்டு துறைக்கும் நடுவில் வேலை செய்பவர் முதல் பக்கத்திலேயே எதற்கு எது என்று சொல்லிவிட வேண்டும்.

முழு வாக்கியம் எழுதாதீர்கள், கட்டங்களாக எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் சரக்கு உறுதி, எதில் அச்சு மட்டும் உறுதி, எது வெறும் ஊகம் என்று குறியுங்கள். ஆகுஸ்ட் ஷ்லைஷர் 1868-இல் ஆட்டையும் குதிரைகளையும் பற்றி ஒரு குட்டிக் கதையையே இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் எழுதிக் காட்டினார். ஹெர்மன் ஹிர்ட் அதைத் திருத்தி எழுதிய வடிவம் 1939-இல் வெளிவந்தது, 1979-இல் லேமனும் ஸ்குஸ்தாவும் மறுபடி எழுதினார்கள். ஒவ்வொரு பதிப்பும் அந்தந்தக் காலத்து அறிஞர்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு அருமையான ஆவணம். ஆனால் தொடக்கத்திலேயே கதை எழுத உட்கார்ந்துவிட்டால் தெரியாத கட்டங்களையும் எதையாவது போட்டு நிரப்ப வேண்டிவரும்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. தமிழ் 'எனக்குத் தெரியாது', தெலுங்கு 'நாகு தெலியது', கன்னடம் 'நனகெ திளியது' மூன்றையும் அட்டவணையில் போடுங்கள். 'கு' உருபையும் எதிர்மறை வாய்பாட்டையும் இப்போது உங்களாலேயே பிரித்துவிட முடியும். வினையடியில் மட்டும் நிதானம் வேண்டும். தெலியது, தெரியாது என்று ஒலி இழுக்கும். ரகரத்துக்கு லகரம் வர ஒலிவிதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, தமிழ் 'தெளி'யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்னட ளகரம் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும். அப்புறம் முதல் சொல்லுக்குத் திரும்புங்கள். அறிபவரை நான்காம் வேற்றுமையில் வைக்கும் இந்த அச்சு ஹிந்தியிலும் உண்டு, 'முஜே மாலூம் ஹை' என்று. ஆறாம் படியில் கேட்ட கேள்வியை இதனிடமும் கேட்டுப் பாருங்கள்.